ஆர்க்கிடெக்ட் ஆக எந்தத் தேர்வு எழுத வேண்டும்?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் அருகே செங்கல் என்னும் ஊர் உள்ளது. அச்சொல் தமிழனுக்குச் சூளையில் சுட்ட கல்லையும், மலையாளிக்கு மண்ணில் வெட்டியெடுக்கும் செம்பாறைக் கல்லையும் நினைவூட்டும். 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம் முதலிய தாலுகாக்கள் தமிழகத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இவ்வெல்லைப் பகுதியிலிருந்து கட்டட வேலைக்காகப் பட்டணம் சென்ற குடும்பங்கள் உண்டு. தகப்பன் கரண்டி பிடித்த இடத்தில் பிள்ளை வரைபடம் பிடிக்க வேண்டும் என்பது அநேக பெற்றோரின் ஆவல்.

அப்படிப்பட்டோர் கேட்கும் முதற்கேள்வி: "ஆர்க்கிடெக்ட் உரிமம் பெற எந்தத் தேர்வு எழுத வேண்டும்?"

நம் நாட்டின் முறை

இந்தியாவில் பட்டம் பெற்றபின் எழுதும் தனி உரிமத் தேர்வு இல்லை. 1972-ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டத்தின்படி, அங்கீகாரம் பெற்ற ஐந்தாண்டு பி.ஆர்க். பட்டம் பெற்றவர் கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவு பெற்றவருக்கே ஆர்க்கிடெக்ட் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. இச்சட்டம் அப்பெயரை மட்டுமே காக்கிறது, கட்டட வடிவமைப்புத் தொழிலையே மற்றவருக்குத் தடை செய்யவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஆகவே வரைவாளராகப் பல்லாண்டு அனுபவம் பெற்றவர் தம் தொழிலை நேர்மையாகச் செய்யலாம். அப்பெயரைப் பலகையில் எழுதிக்கொள்ளலாகாது.

இதிலிருந்து பெற்றோர் அறிய வேண்டியது ஒன்று. முடிவில் தேர்வு இல்லாததால், தொடக்கத்தில் செய்யும் தெரிவே பிள்ளையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது. மன்றத்தின் அங்கீகாரம் இல்லாத படிப்பில் சேர்ந்தால் ஐந்து ஆண்டுகளும், கடன் வாங்கிக் கட்டிய பணமும் பதிவுக்கு உதவாமற்போகும். பணம் கட்டுமுன் மன்றத்தின் பட்டியலில் அக்கல்லூரியின் பெயரைப் பாருங்கள்.

நுழைவாயில்

2006 முதல் நடைபெறும் "நாட்டா" என்னும் தேசியத் திறனறித் தேர்வே முதல் வாயில். கேரளத்தில் நாட்டா மதிப்பெண்ணையும் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் சம அளவில் கணக்கிட்டுத் தரவரிசை வெளியிடுகின்றனர். பள்ளிப் பாடத்தைக் கைவிட்டு வரைதலில் மட்டும் மூழ்குவதும், வரைதலைத் தேர்வுக்கு முந்திய மாதம் தொடங்குவதும் பயன் தரா.

இத்தேர்வு பார்க்கும் கண்ணைச் சோதிக்கிறது. அதற்கான பயிற்சி அருகிலேயே உண்டு. இங்கிலாந்தில் கட்டடக்கலை பயின்று, தொழுநோயாளருக்கான ஊழியத்தின் பொருட்டு 1945-இல் இந்தியா வந்த லாரி பேக்கர், திருவனந்தபுரத்திலேயே 2007-இல் மறைந்தார். உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் அவர் கட்டியது. செங்கற்களை விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரப்பினார். அதனால் கல்லின் செலவு ஏறத்தாழக் காற்பங்கு குறையும். வெப்பமும் உள்ளே எளிதில் புகாது. கொத்தனாரின் பிள்ளை இச்சுவரைத் தகப்பனோடு நின்று பார்த்தால், "ஏன் இப்படிக் கட்டினார்?" என்ற கேள்விக்குத் தகப்பனிடமே பாதி விடை கிடைக்கும்.

கடல் கடந்து செல்வோருக்கு

இங்கே பட்டம் பெற்று அமெரிக்கா செல்வோர் நிலை வேறு. அங்கே உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் வழங்குகிறது. பட்டத்தை மதிப்பீடு செய்வித்து, பொதுவாக 3,740 மணிநேரப் பணியனுபவத்தைப் பதிவு செய்து, ஆறு பகுதிகள் கொண்ட உரிமத் தேர்விலும் தேற வேண்டும். அலுவலக நிர்வாகம், பணித்திட்ட நிர்வாகம், நிலத்தையும் தேவையையும் ஆராய்தல், வடிவமைப்பு, விவர வரைபடங்கள், கட்டுமான மேற்பார்வை என்பன அப்பகுதிகள். எந்த வரிசையிலும் எழுதலாம். தவறினால் 60 நாட்களுக்குப் பின் அப்பகுதியை மட்டும் மீண்டும் எழுதலாம். ஓராண்டுக்குள் ஒரு பகுதியை மூன்று முறைக்குமேல் எழுத இயலாது.

பகல் முழுதும் வேலை செய்து இரவில் படிப்போர் ஆறையும் ஒருங்கே சுமக்க வேண்டாம். அலுவலகத்தில் அன்றாடம் கையாளும் பகுதியை முதலில் எடுங்கள். ஒப்பந்தப் பத்திரம் கைக்கு வரும் நாளில் அதன் ஒவ்வொரு பிரிவும் யாரைக் காக்கிறது என்று எழுதிப் பாருங்கள். மனப்பாடம் செய்தவரை இத்தேர்வின் சூழ்நிலைக் கேள்விகள் எளிதில் தடுமாறச் செய்யும்.

வீட்டாரின் பங்கு

பெற்றோரே, வரைவோருக்கு மேசையும் வெளிச்சமும் இடையூறில்லாத இரண்டு மணிநேரமும் வேண்டும். ஓரறை வீட்டில் இது எளிதன்று. ஆயினும் மாலையில் தொலைக்காட்சியை நிறுத்துவது எந்தக் குடும்பத்துக்கும் கூடும். இரவெல்லாம் அட்டையை வெட்டி மாதிரி வீடு ஒட்டும் பிள்ளையை, "புத்தகம் எடுக்காமல் விளையாடுகிறாயே" என்று கடிந்துகொள்ளாதீர்கள். இப்படிப்பில் அதுவும் பாடமே.