திரியும் திரவமும்: ஒரு குறிப்பு

இலத்திரனியல் சிகரெட்டின் உயிர்நிலை அதனுள்ளிருக்கும் சிறு பஞ்சுத் திரியே. திரவத்தை மயிர்த்துளைத்தன்மையால் ஈர்த்துச் சூடேறும் சுருட்கம்பிக்கு ஊட்டுவது அதன் பணி. திரவம் ஆவியாகும் வேகத்துக்கு ஈடாக ஊறாதவிடத்துப் பஞ்சு கருகும். மிகைவெப்பத்தால் கிளிசரின் சிதைந்து போமல்டிகைட்டு முதலிய நச்சுப்பொருள்கள் தோன்றும். பஞ்சை இறுக அடைத்தால் ஊற்று மட்டுப்படும். தளர்த்தினால் திரவம் ஒழுகும். தொடக்ககாலக் கருவிகளில் வழங்கிய சிலிக்கா இழை கருகாது. ஆயின் அதில் திரவம் ஊறும் வேகம் குறைவு.

இவ்வியல்பு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை மக்களுக்குப் புதிதன்று. 2022இல் எரிவாயு அருகியபோது மண்ணெண்ணெய் அடுப்புக்கு மீண்டோர், திரியைக் கத்தரித்துப் புகையடக்கும் நுட்பத்தை அனுபவத்தால் அறிவர்.

பஞ்சுக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. வெள்ளவத்தை நூற்பு நெசவாலைத் தொழிலாளர் 1933இல் வேலைநிறுத்தம் செய்தனர், கொல்வின் ஆர். டி சில்வா அதற்குத் தலைமை தாங்கினார். 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுதற்கு வழிசமைத்த நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. நூற்பாலைகளில் பஞ்சுத் தூசி உழைப்போரின் நுரையீரலைத் தாக்கியது. இன்று கருகிய பஞ்சின் புகை நுகர்வோரின் நுரையீரலைச் சென்றடைகின்றது. திரியைத் திருத்துதல் தீங்கை ஓரளவு குறைக்கலாம். நிக்கொட்டின் அடிமைத்தனத்தையே சந்தையாக்கும் இலாப நோக்கை அது திருத்தாது என்பது மனங்கொளத்தக்கது.