ஒரே வயல், இரு விளைச்சல்: பொக்காளி நிலம் கற்பிக்கும் கணக்கு

கொச்சி நகரின் வடபுறத்தே அமைந்துள்ள கடமக்குடித் தீவுகளைப் புரட்டாசி மாதத்தில் காண்பவர், இது நெல்வயல் என்பர். அதே இடத்தைத் தை மாதத்தில் காண்பவர், இது இறால் வளர்க்கும் நீர்நிலை என்பர். இருவர் கூற்றும் மெய்யே. ஆண்டின் ஒரு பாதியில் நெல்லையும் மறுபாதியில் இறாலையும் தரும் இந்நிலத்திற்குப் பொக்காளி வயல் என்று பெயர். கேரள மாநிலத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் கடலை ஒட்டிய காயல் பகுதிகளில் இவ்வயல்கள் பரவியுள்ளன.

காலநிலையும் உயிர்களும் மனிதர்களும் ஒருவரையொருவர் எவ்வாறு தாங்கி நிற்கின்றனர் என்பதை அறிய இதனினும் தெளிவான பாடம் நம் நாட்டில் அரிது. அப்பாடத்தில் வரவு செலவுக் கணக்கு எழுதும் நமக்கும் ஒரு செய்தி உண்டு.

மழை கழுவித் தரும் நிலம்

பொக்காளி வயல்கள் கடல்மட்டத்தை ஒட்டியே அமைந்த தாழ்நிலங்கள். கடலின் ஓதம் ஏறும்போது காயல் வழியே உப்புநீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியேறும். கோடையில் உப்பு மிகுந்திருக்கும் இம்மண்ணில் சாதாரண நெல் முளைவிடவும் இயலாது.

சித்திரை மாதத்தில் உழவர்கள் மதகுகளைத் திறந்து நீரை வடித்து, கரைகளைப் பலப்படுத்தி, காய்ந்த மண்ணைச் சிறுசிறு மேடுகளாகக் குவித்து வைப்பர். சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். கேரளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு இப்பருவத்தில்தான். அம்மழை மேடுகளின் மேலிருந்து உப்பைக் கழுவி இறக்கிவிடும். அதன்பின் முளைகட்டிய விதையை மேடுகளின் உச்சியில் விதைப்பர். ஏறத்தாழ ஒரு மாதத்தில் நாற்று வளர்ந்ததும் மேட்டினை வெட்டிச் சரித்து, நாற்றுகளை மண்ணோடு வயலெங்கும் பரப்புவர். நாற்றங்கால், நடவு என்னும் இருவேலைகளையும் அந்த ஒரு மேடே முடித்து வைக்கிறது.

மலையாளத்தில் 'பொக்கம்' என்றால் உயரம். பெயருக்கேற்ப இந்நெல் ஆள் உயரத்திற்கு ஓங்கி வளர்ந்து, பெருகும் நீருக்கு மேலே தலையை நிறுத்திக்கொள்கிறது. உப்பையும் ஓரளவு தாங்குகிறது. இவ்வாற்றலை மரபணு அளவில் ஆராய்ந்த பிலிப்பைன்ஸ் நாட்டின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம், உப்பைத் தாங்கும் புதிய நெல் வகைகளை உருவாக்கப் பொக்காளியைப் பெற்றோராகப் பயன்படுத்தியுள்ளது. பெயர் அறியப்படாத கேரள உழவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து காத்த விதை இன்று உலகின் உவர்நிலங்களுக்குப் பயன்படுகிறது.

அரிதாள் ஊட்டும் இறால்

அக்டோபர் மாதத்தில் அறுவடை. இடுப்பளவு நீரில் இறங்கிக் கதிரை மட்டும் அறுத்தெடுப்பர். நீண்ட தாள் முழுவதும் வயலிலேயே நிற்கும். வேறிடங்களில் வைக்கோலாக விலைபோகும் தாளை இங்கே விட்டுவைப்பது வீண் என்று தோன்றலாம். ஆனால் அடுத்த விளைச்சலின் முதலீடே அந்தத் தாள்தான்.

மழை ஓய்ந்து காயலில் உப்பு மீண்டும் ஏறும் நேரம் அது. நவம்பர் நடுவில் மதகுகள் திறக்கப்படும். கடலில் பிறந்து வளர்ச்சிக்காகக் காயலை நாடி வரும் இறால் குஞ்சுகள் ஓதத்தோடு வயலுக்குள் நுழையும். இரவில் மதகின்மேல் விளக்கைத் தொங்கவிட்டு அவற்றை ஈர்ப்பதும் உண்டு. உள்ளே, நீரில் அழுகும் அரிதாளில் பாசியும் நுண்ணுயிர்களும் பெருகியிருக்கும். இறாலுக்கு அதுவே உணவு. அடர்ந்த தாளே ஒளிவிடம். அமாவாசை, பௌர்ணமி நாள்களில் ஓதம் வலுத்திருக்கும்போது மதகில் வலை கட்டி, வடியும் நீரோடு வரும் இறாலைப் பிடிப்பர்.

ஏப்ரல் நடுவில் இப்பருவம் முடிவுறும். இறாலின் கழிவும் எஞ்சிய தாளும் ஓதம் கொணர்ந்த வண்டலும் சேர்ந்து மண்ணை வளப்படுத்தியிருக்கும். ஆகவே அடுத்த நெல்லுக்கு இரசாயன உரம் தேவைப்படுவதில்லை. பூச்சிமருந்தும் தெளிப்பதில்லை, தெளித்தால் அடுத்து வரும் இறால் பிழைக்காது. நெல் இறாலுக்குச் சோறிட, இறால் நெல்லுக்கு எருவிடுகிறது. இரண்டிற்கும் இடையே நின்று முறை மாற்றித் தருவது பருவமழை.

வயலைச் சூழ்ந்த சமூகம்

இவ்வயலைத் தனியொருவர் நடத்த இயலாது. ஒருவர் மதகைத் திறந்தால் அடுத்தவர் நிலத்திலும் நீர் ஏறும். எனவே 'பாடசேகரம்' எனப்படும் வயற்தொகுதியின் உழவர்கள் ஒன்றுகூடியே கரை கட்டுவதும் நீர் வடிப்பதும் மதகு திறக்கும் நாளை முடிவுசெய்வதும் நடைபெறுகின்றன. நாற்றைப் பரப்புவதும் அறுவடை செய்வதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பு. இறால் பருவத்தில் வயலைக் குத்தகைக்கு எடுப்போர், வலை வீசுவோர், விற்போர் என வேறு பலரின் வாழ்வு தொடங்குகிறது. குத்தகைக் காலம் முடிந்ததும் வயலில் எஞ்சிய மீனை ஊர்மக்கள் இறங்கிப் பிடித்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. நிலமற்றவருக்கும் அந்நிலத்தில் ஒரு பங்கு இருந்தது என்பதே அதன் பொருள்.

பிரித்து எழுதிய கணக்கு

ஒரு காலத்தில் 20,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பில் இருந்ததாகக் கணிக்கப்படும் பொக்காளிச் சாகுபடி இன்று சில ஆயிரம் ஹெக்டேர்களுக்குள் சுருங்கிவிட்டது. காரணம் என்ன?

நெல்லுக்கும் இறாலுக்கும் தனித்தனியே கணக்கு எழுதியதே முதற்காரணம் எனலாம். சேற்றில் இயந்திரம் இறங்காது, கையால் அறுக்க ஆள் கிடைப்பதில்லை, கூலி உயர்ந்துவிட்டது. நெல்லின் பக்கத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் நட்டமே மிஞ்சும். இறாலின் பக்கத்தில் இலாபம் தெரியும். நட்டமான பக்கத்தை நீக்கிவிட்டு ஆண்டு முழுவதும் இறாலே வளர்த்தால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பு.

அவ்வாறு செய்த இடங்களில் நிகழ்ந்தது வேறு. அரிதாள் இல்லாத நீரில் இயற்கை உணவு குறைந்தது. தீவனம் விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. உப்பு கழுவப்படாத நிலம் மீண்டும் நெல்லுக்கு உதவாமற் போனது. ஆண்டு முழுவதும் தேங்கிய உவர்நீர் அக்கம்பக்கத்துக் கிணறுகளையும் வீட்டுச் சுவர்களையும் அரித்தது. இறாலைத் தாக்கும் வெண்புள்ளி நோய் பரவிய காலங்களில், வேறு விளைச்சல் இல்லாதவர் முழு முதலையும் இழந்தனர். 'ஒரு நெல், ஒரு மீன்' என்னும் முறையைக் கேரள அரசு வலியுறுத்துவதன் நியாயம் இதுவே. நெல்வயல்களையும் சதுப்புநிலங்களையும் காக்க 2008-இல் அம்மாநிலம் தனிச்சட்டமும் இயற்றியது. பொக்காளி அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

பருவம் தவறும்போது

இப்போது கணக்கின் மூன்றாம் தரப்பாகிய மழையே நிலைமாறி வருகிறது. கேரளத்தில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் சூன் 1. அது 2023-இல் சூன் 8 அன்றும், 2025-இல் மே 24 அன்றும் தொடங்கியது. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் மாநிலத்தையே மூழ்கடித்தது. 2023-இலோ பருவமழை இயல்பைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

பிற உழவருக்கு மழை தாமதித்தால் பயிர் தாமதிக்கும். பொக்காளி உழவருக்கு உப்பே கழுவப்படாது. மேட்டில் விதைத்த விதை கருகும். நெல் தவறினால் அரிதாள் இல்லை. அரிதாள் இல்லையேல் இறால் மெலியும். ஒன்றையொன்று தாங்கும் உறவில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் விளைவு அடுத்தடுத்த பருவங்களுக்கும் செல்லும். அதே உறவுதான் இழப்பைத் தாங்கும் வலிமையையும் தருகிறது. நெல் குறைந்த ஆண்டில் இறாலும், இறால் குறைந்த ஆண்டில் நெல்லும் குடும்பத்திற்குக் கைகொடுக்கும். கடல்மட்டம் உயர்ந்து கரையோர நிலங்கள் உவர்த்துவரும் இந்நாளில், உப்போடு வாழக் கற்ற ஒரு நிலத்தையும் விதையையும் இழப்பது பெரும் இழப்பாகும்.

வங்கியாளர் கண்ணில்

கடன் மதிப்பீடு செய்யும் பணியில் உள்ள எங்களுக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. பயிர்க்கடன் விண்ணப்பம் ஒரு பயிரையும் ஒரு பருவத்தையும் கேட்கிறது. நிலமோ அவ்வாறு பிரிந்து நிற்பதில்லை. 1998-இல் தொடங்கப்பட்ட கிசான் கடன் அட்டைத் திட்டம், 2018–19 மத்திய வரவுசெலவுத் திட்ட அறிவிப்பைத் தொடர்ந்து, மீன் வளர்ப்போருக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் விரிவாக்கப்பட்டது. உழவரும் மீனவரும் ஒருவராகவே இருக்கும் குடும்பங்களுக்கு இது பொருத்தமான ஏற்பாடு. அத்தகைய வாடிக்கையாளர்கள் தம் இரு தொழில்களின் செலவையும் வரவையும் ஒருசேரக் கிளை மேலாளரிடம் எடுத்துரைத்தல் நலம். கடன் தேவையும் திருப்பிச் செலுத்தும் காலமும் அப்போதுதான் சரியாக வகுக்கப்படும்.

நெல்லோடு மீனும், ஆட்டோடு வயலும், தோப்போடு தேனீயும் இணைந்த வாழ்வு நம் நாட்டின் பல பகுதிகளில் இன்னும் உள்ளது. அங்கெல்லாம் ஒரு பக்கத்தின் நட்டத்தைக் கண்டு அதனை நீக்குமுன், மறுபக்கத்தின் இலாபம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தல் வேண்டும். பொக்காளி வயலில் அறுக்கப்படாமல் நிற்கும் தாள் எந்தப் பேரேட்டிலும் வரவாக எழுதப்படுவதில்லை. ஆயினும் தை மாதத்து இறால் அதை உண்டுதான் வளர்கிறது.