காயல்பட்டினத்துக்கு எட்டாத கதிர்

சென்னையில் மழை இருட்டிக்கொண்டு வந்தால் பலர் இப்போது வானத்தைப் பார்ப்பதில்லை, போனைத்தான் பார்க்கிறார்கள். கடல் பக்கமிருந்து பச்சைத் திட்டு நகர்ந்து வருகிறது. நடுவில் மஞ்சள், அதற்குள் ஒரு சிவப்புப் பொட்டு. "அரை மணியில வந்துடும், மாடித் துணியை எடு" என்று வீட்டுக்குள் குரல் போகிறது.

ரேடார் படம் அங்கே இப்படிப் பழகிப்போனதற்குக் காரணம் உண்டு. துறைமுகத்தில் 2002இல் டாப்ளர் ரேடார் வந்தது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் இன்னொன்று. 2022இல் பள்ளிக்கரணையிலும் ஒன்று சேர்ந்தது. ஒரு மாநகருக்கு மூன்று கண்கள்.

தெற்கே?

2023 டிசம்பர் 17 காலை தொடங்கி 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை; திருச்செந்தூரில் 69. தூத்துக்குடி மாவட்டம் சராசரியாக ஓர் ஆண்டில் காணும் மழையையே மிஞ்சிய அளவு. அன்றிரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அதற்கு அப்பால் ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போக, தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. சுற்றிலும் குளக்கரைகள் உடைந்தன.

அந்த மழையைக் கிட்டத்திலிருந்து பார்க்க ரேடார் இல்லை. ரேடார் கதிர் ஏறக்குறைய நேராகப் போகும். பூமியோ வளைந்து கீழே இறங்கும். அரை டிகிரி கோணத்தில் விட்ட கதிர் 100 கி.மீ. தள்ளி ஒன்றரை கி.மீ. உயரத்தில் இருக்கும்; 200 கி.மீ.யில் நான்கு கி.மீ. உயரத்துக்குப் போய்விடும். காரைக்கால் ரேடாரிலிருந்து காயல்பட்டினம் 300 கி.மீ.க்கும் மேல். அங்கிருந்து மேகத்தின் உச்சந்தலை தெரியலாம், அடியில் கொட்டுவது தெரியாது. திருவனந்தபுரம் ரேடார் பக்கம்தான், ஆனால் நடுவே பொதிகை மலை மறிக்கிறது.

மழைமானி போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மழைமானி அவசியம்தான். துளியின் விட்டம் இரண்டு மடங்கானால் எதிரொலி 64 மடங்காகும் என்பதால், ரேடார் கணக்கைத் தரையில் சரிபார்த்தே ஆகவேண்டும். ஆனால் அடுத்த இரண்டு மணி நேரத்தில் எந்த ஊருக்கு மழை நகரும் என்பதை மழைமானி சொல்லாது.

தாமிரபரணிக் கரையில் அந்த இரண்டு மணி நேரம்தான் உயிர். குளங்கள் சங்கிலிபோல் கோக்கப்பட்டவை. மேல்குளம் மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் கீழ்குளத்துக்கு வரும். கரை காக்கும் ஆளுக்கு வண்ணப்படம் பயன்படாது. "இன்னும் ஒரு மணியில் பத்து செ.மீ., மேல்குளம் தாங்காது" என்ற ஒரு வரி, நள்ளிரவிலும், தமிழில், போனில் வரவேண்டும். 100 கி.மீ. தொலைவு வரை பார்க்கும் சிறு ரேடார் ஒன்றை தாமிரபரணிச் சமவெளியில் நிறுத்துவதோடு, அதை இரவில் படித்து அந்த வரியை அனுப்பும் ஆளையும் இப்போதே நியமிக்க வேண்டும். ஐப்பசி பிறந்தால் குளங்கள் நிரம்பத் தொடங்கிவிடும்.