மாடல் டி எஞ்சினின் வால்வு இடைவெளி

1908ஆம் ஆண்டு தொடக்கம் 1927ஆம் ஆண்டு வரை, அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட 'மாடல் டி' மோட்டார் வண்டிகளை ஆக்கி வெளியிட்டது. அவற்றுட் சிலவற்றை ஆர்வலர் இன்றும் பேணி ஓட்டி வருகின்றனர்.

அவ்வெஞ்சினில், வால்வுத் தண்டின் அடிநுனிக்கும் அதனை மேலே உந்தும் தள்ளுகோலுக்கும் இடையே சிறிது வெளி இருத்தல் வேண்டும். காரணம் யாது? வெப்பத்தால் உலோகம் நீளும். வெளி போதாதாயின், நீண்ட தண்டு தள்ளுகோலில் முட்டி நிற்க, வால்வு முற்றாக மூடாது. அவ்விடுக்கு வழியே சீறும் அனல்வாயு வால்வைக் கருக்கிவிடும். வெளி மிகுந்தாலோ, வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும், வலிமை குன்றும். ஆகவே, அவ்வெளி 1/64 அங்குலத்திற் குறையாமலும் 1/32 அங்குலத்தின் மேற்படாமலும் இருக்கவேண்டுமென விதிக்கப்பட்டது.

பிற எஞ்சின்கள் பலவற்றில் திருகாணியைத் திருப்பியே இதனைச் சீர்செய்யலாம். மாடல் டியின் தள்ளுகோலில் அத்தகைய திருகாணி இல்லை. வால்வை அதன் இருக்கையிற் பொருந்த அரைக்குந்தோறும் அது சற்றே கீழிறங்கும், வெளி குறுகும். அப்பொழுது தண்டின் அடிநுனியைச் சாணையிற் பிடித்துக் குறைத்தல் வேண்டும்.

இங்கேதான் பொறுமை தேவை. அரைத்தல் முடிந்த பின்னரே அளத்தல் வேண்டும். தள்ளுகோல் முழுதும் தாழ்ந்திருக்கையில் அளத்தல் வேண்டும். நுனி சாயாதபடி, சிறிது தேய்த்து மீண்டும் அளந்து பார்த்தல் வேண்டும். திருகாணியாயின் பின்னோக்கித் திருப்பலாம். தேய்த்த இரும்பு மீளாது. அளவு தவறினாற் பெரும்பாலும் புதிய வால்வே தேட நேரும்.