மிதித்தாலும் இழுக்காத பழைய கார்... ‘பவர்’ போனது எங்கே? கண்டுபிடிப்பது எப்படி?

திண்டிவனம் தாண்டிய நான்குவழிச் சாலை. முன்னால் போகும் லாரியை ஓவர்டேக் செய்ய வலது பக்கம் ஏறி, ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். இன்ஜின் முக்குகிறதே தவிர வேகம் ஏறவில்லை. 90-ல் இருந்த முள் 60-க்கு இறங்குகிறது. பின்னால் ஆம்னி பஸ்ஸின் ஹாரன். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய செகண்ட் ஹேண்ட் கார் வைத்திருக்கும் பலருக்கும் தெரிந்த பயம் இது.

மறுநாள் மெக்கானிக் ஷெட்டில், “பிளக் போயிருக்கும் சார், மாத்திடலாம்” என்பார்கள். இரண்டு வாரம் கழித்து அதே பிரச்சினை. “அப்போ ஃபியூல் பம்ப்தான்.” பில் ஏறிக்கொண்டே போகும், வண்டி மட்டும் இழுக்காது.

பவர் குறைவது காய்ச்சல் மாதிரி. அது வெறும் அறிகுறிதான். என்ன நோய் என்று பார்க்காமல் மாத்திரையை மாற்றிக்கொண்டே இருந்தால் பணம்தான் கரையும்.

நடுரோட்டில் நடந்தால் என்ன செய்வது?

ஓவர்டேக்கை உடனே கைவிட்டு, ஹசார்டு விளக்கைப் போட்டு, இடது பக்கம் ஒதுங்க வேண்டும். இன்ஜின் முழுவதும் நின்றுவிட்டால் ஸ்டீயரிங் கனமாகும், ஆனாலும் திரும்பும். பிரேக்கில் ஓரிரு முறை மிதிக்கும் அளவுக்கே உதவி மிச்சமிருக்கும். எனவே விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்துங்கள். கார் உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை உருவிவிடக் கூடாது. ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும்.

வண்டி நின்றதும் எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலைத் தடுப்புக்கு வெளியே போய்விடுவது நல்லது. தேசிய நெடுஞ்சாலை என்றால் உதவி எண் 1033.

வெப்பநிலை முள் சிவப்பைத் தொட்டாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ ‘வீடு வரைக்கும் ஓட்டிடலாம்’ என்ற நினைப்பே வேண்டாம். இன்ஜினை உடனே அணைக்க வேண்டும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவும் கூடாது.

இன்ஜின் கேட்பது நான்கே விஷயம்

காற்று, எரிபொருள், சரியான நேரத்தில் தீப்பொறி, புகை வெளியேற வழி. பெட்ரோல் இன்ஜினுக்கு இந்த நான்கும் வேண்டும். டீசலில் பிளக் பொறி கிடையாது. காற்றை அழுத்தும் சூட்டிலேயே டீசல் எரியும். இந்த நான்கில் எது தடைபட்டாலும் வண்டி இழுக்காது.

இன்ஜின் நன்றாக இருந்தும் இழுக்காத கார்களும் உண்டு. மிதித்தால் ஆர்பிஎம் முள் சரசரவென ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லையா? மேனுவல் கியர் காரில் அது பெரும்பாலும் கிளட்ச் ஸ்லிப். ஓட்டி நிறுத்தியதும் ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சுடுகிறதா? பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம். இந்த இரண்டையும் முதலில் தள்ளிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

செக் இன்ஜின் விளக்கு என்ன சொல்கிறது?

விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் ஸ்கேன் செய்ய வேண்டும். மின்னி மின்னி எரிந்தால் நிலைமை அவசரம். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரிகிறது என்று அர்த்தம். அந்தச் சூட்டில் அதன் உட்புறம் உருகி அடைத்துக்கொள்ளலாம். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரங்களுக்குப் போவது இப்படித்தான்.

சில கார்களில் கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடும். ஏதோ தவறு என்று சென்சார் சொன்னதும், இன்ஜினைக் காப்பாற்ற அது ஆர்பிஎம்மைக் கட்டுப்படுத்தும். இதற்கு ‘லிம்ப் மோடு’ என்று பெயர். அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிவிடும். கோளாறு மட்டும் அங்கேயேதான் இருக்கும்.

இந்தியாவில் பிஎஸ்-4 கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோடு கிடைக்கும். விலை குறைந்த புளூடூத் ரீடரை வாங்கி மொபைல் ஆப்பிலும் படிக்கலாம்.

பி0300 என்றால் சிலிண்டர்கள் ஒழுங்கில்லாமல் ‘மிஸ்ஸிங்’ அடிக்கின்றன. பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங். பி0299 டர்போ அழுத்தம் போதவில்லை என்பதைக் காட்டும். பி0087 எரிபொருள் அழுத்தம் குறைவு என்று சொல்லும்.

ஆனால் கோடு தீர்ப்பு அல்ல, திசைகாட்டி. உதாரணமாக பி0171 என்பது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற கணக்கு மட்டுமே. அதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் உண்டு. உண்மைக் காரணம் வெடித்துப்போன ஒரு சின்ன ரப்பர் குழாயாக இருக்கலாம்.

எப்போது இழுக்கவில்லை?

* மேட்டிலும் அதிக வேகத்திலும் மட்டும் திணறினால்: ஃபியூல் ஃபில்டர் அடைப்பு அல்லது பலவீனமான பம்ப். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் டேங்குக்குள் இருக்கும் பம்ப் சூடாகி ஆயுள் குறையலாம்.
* ஐடிலிங்கிலேயே குலுங்கி, மிதித்தால் ஜெர்க் அடித்தால்: பிளக் அல்லது இக்னிஷன் காயில். சந்தேகப்படும் காயிலை அடுத்த சிலிண்டருக்கு மாற்றிப் போடலாம். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அந்தக் காயில்தான்.
* டீசல் காரில் ‘உஸ்ஸ்’ சத்தமும் கரும்புகையும் வந்தால்: டர்போ ஹோஸில் விரிசல் இருக்கலாம். டர்போவையே மாற்றச் சொல்வதற்கு முன் ஹோஸையும் கிளாம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.
* மழைக்காலத்தில் டீசல் வண்டி திணறினால்: ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கலாம். அதை வடித்துவிடுவது சின்ன வேலை.
* சூடானதும் நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால்: கிராங்க் சென்சார் அல்லது பம்ப்.
* ஆர்பிஎம் ஒரு அளவுக்கு மேல் ஏறாமல், சைலன்சரில் காற்று மந்தமாக வந்தால்: கன்வெர்ட்டர் அடைப்பு. இதை மட்டும் மாற்றினால் போதாது. அடைக்க வைத்த மிஸ்ஸிங்கைச் சரிசெய்யாவிட்டால் புதியதும் போய்விடும்.

இ20 பெட்ரோல் காரணமா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலந்தால் மொத்தத்தில் 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறையும். மைலேஜில் அது தெரியும். 90-ல் போகும் கார் திடீரென 60-க்கு இறங்க அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது.

மறைமுகத் தொல்லைகள் உண்டு. இ20-க்காக வடிவமைக்கப்படாத கார்களில் ரப்பர் குழாய்களும் சீல்களும் சீக்கிரம் கெடலாம். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் டேங்கில் தண்ணீர் சேரவும் வாய்ப்புண்டு. அப்படி நிறுத்திய கார் இழுக்கவில்லை என்றால் பழைய பெட்ரோலை இறக்கிவிட்டுப் பார்ப்பது முதல் வேலை.

ஷெட்டில் எப்படிப் பேசுவது?

“வண்டி இழுக்கல” என்று மட்டும் சொன்னால் மெக்கானிக் ஊகிக்கத்தான் வேண்டும். எந்த கியர், எவ்வளவு வேகம், ஏசி ஓடியதா, டேங்கில் எவ்வளவு இருந்தது, இன்ஜின் சூடாக இருந்ததா என்பதை மொபைலில் குறித்துவைத்துச் சொல்லுங்கள். புகை வந்தால் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைத்துத் தருவது ரிப்பேர் ஆகாது. கோளாறு வந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த விவரமும் அதோடு அழிந்துபோகும். முதலில் கோடைப் படித்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து விலை குறைந்ததிலிருந்து தொடங்கலாம்: ஏர் ஃபில்டர், குழாய்கள், பேட்டரி டெர்மினல், பிளக், ஃபியூல் ஃபில்டர். பம்ப்பை மாற்றச் சொன்னால், “பிரஷர் கேஜ் வச்சுப் பாத்தீங்களா அண்ணா? எவ்வளவு காட்டுச்சு?” என்று கேளுங்கள். அளந்து பார்த்தவர் எண்ணைச் சொல்வார். கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஷெட் வாசலில் ரேஸ் கொடுத்துப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். எந்த மேம்பாலத்தில் வண்டி திணறியதோ, அதே மேம்பாலத்தில், அதே கியரில், மெக்கானிக்கையும் உட்காரவைத்து ஓட்டிப் பாருங்கள். இழுத்தால் பில்லைக் கட்டுங்கள்.