முதுகை ஆளும் மனம்

பிலாட்டீஸ் பயிற்சியில் எண்ணிக்கை முக்கியமல்ல. ஒவ்வோர் அசைவும் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதே கேள்வி.

புனேயின் கிழக்கே இருக்கிறது ஹடப்சர். சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் தங்கள் நிலங்களை ஒன்றுசேர்த்து உருவாக்கிய மகர்பட்டா சிட்டி இங்குதான். குனிந்து நிமிர்ந்து கரும்பு வளர்த்த மண்ணில் இன்று நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து உழைக்கிறார்கள் கம்ப்யூட்டர் பணியாளர்கள். மாலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுபவர்களுக்கு நண்பர்கள் சொல்லும் யோசனைகளில் ஒன்று, பிலாட்டீஸ்.

1883ல் ஜெர்மனியில் பிறந்த ஜோசப் பிலாட்டீஸ், சிறுவயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டவர். முதல் உலகப் போரின்போது ஐல் ஆஃப் மேன் தீவு முகாமில் அடைபட்டிருந்த காலத்தில் தன் முறையைச் செப்பனிட்டார். 1920களில் நியூயார்க்கில் குடியேறிப் பயிற்சிக்கூடம் திறந்தார். தன் முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்ட்ராலஜி': கட்டுப்பாட்டுக் கலை. நடனக் கலைஞர்கள் தேடி வந்தார்கள். 1967ல் அவர் மறைந்த பிறகு அவர் பெயரே பயிற்சிக்கு நிலைத்துவிட்டது.

புனேக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. சிறுவயதில் காசநோயோடு போராடிய பி.கே.எஸ். அய்யங்கார் 1937ல் யோகாசனம் கற்பிக்க வந்தது இந்த நகருக்குத்தான். இரண்டு நோஞ்சான் பிள்ளைகளும் வளர்ந்து வலியுறுத்தியது ஒன்றே: துல்லியம்.

மையம், மனக்குவிப்பு, கட்டுப்பாடு, துல்லியம், மூச்சு, தடையற்ற ஓட்டம். பிலாட்டீஸின் அடிப்படைகளாகச் சொல்லப்படும் இந்த ஆறும் ஒரே பயிற்சியில் விளங்கிவிடும். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்குங்கள். விலா எலும்புகள் பக்கவாட்டில் விரியும்படி மூச்சை இழுங்கள். மூச்சை விடும்போது அடிவயிறு லேசாக உள்ளே போகட்டும். அதுதான் மையம். இப்போது ஒரு காலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். இடுப்பு ஆடக்கூடாது, மூச்சு நிற்கக்கூடாது. ஆடினால் தசை அல்ல, அவசரம் வேலை செய்கிறது என்று பொருள். அரைகுறையாக 20 முறை செய்வதைவிட ஒழுங்காக 5 முறை மேல்.

பலன் உண்டா? 2015ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 10 ஆய்வுகளை அலசியது. கீழ்முதுகு வலி குறைய பிலாட்டீஸ் உதவக்கூடும். ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றது. எனவே விலை உயர்ந்த கருவிகளைக் கண்டு மயங்கவேண்டாம். தரையில் விரிக்க ஒரு பாய் போதும். ஆரம்பத்தில் திருத்திச் சொல்ல ஒரு நல்ல பயிற்சியாளர் இருந்தால் நல்லது.

வலி காலுக்கு இறங்கினாலோ, கால் மரத்துப்போனாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். பாய் காத்திருக்கும்.