முன்குறியில் ஒரு துளி ஆரஞ்சு

கைத்துப்பாக்கியால் குறிபார்ப்பவர் தன் கண்ணிடம் செய்ய முடியாத ஒரு வேலையைக் கேட்கிறார். கையை நீட்டிப் பிடித்த துப்பாக்கியில் கண்ணுக்கு அருகே இருப்பது பின்குறி. நடுவில் சதுரமாக வெட்டிய ஒரு தகடு. குழலின் நுனியில் முன்குறி. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு இரும்பு முளை. என்.சி.சி.யில் துப்பாக்கி பிடித்தவர்கள் ‘ஃபோர்சைட்’ என்பது இதைத்தான். அதற்கும் அப்பால், 10 மீட்டரிலோ 25 மீட்டரிலோ, இலக்கு. மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். ஆனால் மூன்றையும் ஒரே நொடியில் தெளிவாகக் காண எந்த மனிதக் கண்ணாலும் முடியாது. ஒன்று தெளிந்தால் மற்றவை மங்கும்.

எதைத் தெளிவாக வைத்துக்கொள்வது? புதிதாகச் சுடுபவர் இலக்கைத்தான் பார்ப்பார். பயிற்சியாளரோ முன்குறியைப் பார் என்று ஓயாமல் சொல்வார். அதற்குக் காரணம் எளிய வடிவியல். இரு குறிகளுக்கும் இடையே 16 செ.மீ. இருக்கிறது என்று கொள்வோம். துப்பாக்கி திரும்பாமல் அப்படியே பக்கவாட்டில் 5 மி.மீ. நகர்ந்தால், இலக்கிலும் குண்டு 5 மி.மீ. மட்டுமே விலகும். ஆனால் பின்குறியின் வெட்டுக்குள் முன்குறி அரை மி.மீ. ஒதுங்கிவிட்டால் அது கோணப் பிழை. 25 மீட்டர் போவதற்குள் 156 மடங்காகப் பெருகி, ஏறத்தாழ 8 செ.மீ. ஆகிவிடும். ஆகவே இலக்கு மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம். முன்குறி மங்கக் கூடாது.

இங்கேதான் சிக்கல். முளை கறுப்பு. கறுப்பு வட்டத்தின் மேலோ, அடர்ந்த புதரின் மேலோ, சாயங்கால நிழலிலோ அது கரைந்து போகிறது. அமெரிக்காவில் அந்தக் காலத்திலேயே முன்குறியில் தந்தமணியும் பொன்மணியும் பதித்தார்கள். பின்னர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்களில் சிவப்புப் பிளாஸ்டிக் துண்டு வந்தது. இன்று பலர் ஃப்ளோரசன்ட் பெயின்ட்டையோ நெயில் பாலிஷையோ ஒரு துளி தொட்டு வைத்துவிடுகிறார்கள்.

அந்த ஒரு துளிக்குள் இருக்கும் இயற்பியல் எனக்கு அலுத்ததே இல்லை. சாதாரண ஆரஞ்சு வண்ணம், தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஆரஞ்சுப் பகுதியைத் திருப்பி அனுப்பும். மிச்சத்தை விழுங்கி வெப்பமாக்கிவிடும். ஃப்ளோரசன்ட் சாயம், விழுங்கிய புற ஊதாக் கதிரையும் நீல ஒளியையும்கூட ஆரஞ்சாக மாற்றி வெளியே விடுகிறது. அதனால் ஆரஞ்சு அலைநீளத்தில் அதன்மேல் விழுந்ததைவிடக் கூடுதலான ஒளி அதிலிருந்து கிளம்ப முடியும். அது விளக்குப்போல எரிவதாக நமக்குத் தோன்றுவது பிரமை அல்ல. இந்த உருமாற்றத்தை ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1852இல் விளக்கி, ‘ஃப்ளோரசன்ஸ்’ என்று பெயரும் வைத்தார். அதை டப்பாவில் அடைத்து விற்கும் வண்ணமாக்கியவர்கள் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரைச் சேர்ந்த பாப், ஜோ என்ற ஸ்விட்சர் சகோதரர்கள். 1933இல் ஒரு விபத்தில் பாபின் தலையில் அடிபட்டுப் பார்வை பாதிக்கப்பட்டது. இருட்டறையில் இருக்கச் சொன்னார் மருத்துவர். அந்த நாட்களில் அண்ணனும் தம்பியும் புற ஊதா விளக்கை எடுத்துக்கொண்டு, தந்தையின் மருந்துக்கடையில் எந்தெந்தப் பொருள் மின்னுகிறது என்று தேடினார்கள். ‘டே-குளோ’ என்ற பெயரில் விற்கும் ஃப்ளோரசன்ட் நிறங்கள் பிறந்தது அந்தத் தேடலில்தான். பார்வை பழுதான ஒருவரால், உலகத்திலேயே மிக அதிகமாகக் கண்ணைப் பறிக்கும் நிறங்கள் நமக்குக் கிடைத்தன.

இந்தச் சாயங்கள் பாதி ஒளியை ஊடுருவ விடுபவை. கறுப்பு இரும்பின்மேல் நேரடியாகப் பூசினால், கீழ்நோக்கிப் போகும் ஒளியை இரும்பு குடித்துவிடும். முதலில் வெள்ளை பூசிக் காயவிட்டு அதன்மேல் ஆரஞ்சு பூசினால், அந்த ஒளியும் திரும்பி மேலே வரும். ஒரே டப்பா, ஒரே தூரிகை, வித்தியாசமோ மலைக்கும் மடுவுக்கும். (துப்பாக்கியில் குண்டு இல்லை என்று அதன் குண்டறையைத் திறந்து பார்த்து உறுதி செய்வதும், எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைப்பதும் அதற்கும் முந்திய வேலை.) வெயிலில் சாயம் நாளாக ஆக வெளிறும், அப்போது சுரண்டிவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

எந்த நிறம்? பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டரை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சை. பொழுது சாயச் சாய அந்த உச்சம் நீலப்பச்சைப் பக்கம் நகரும். சிவப்பு முதலில் இருண்டுபோகும். 1819இல் செக் அறிஞர் புர்க்கின்யே கவனித்த விஷயம் இது. ஆனால் புல்வெளிப் பின்னணியில் பச்சை தொலைந்துவிடும். அங்கே ஆரஞ்சுதான் எடுபடும். நீலத்தை யாரும் நாடாததற்கு அழகான காரணம் உண்டு. விழித்திரையின் நடு மையத்தில், மூன்றில் ஒரு டிகிரி அளவுக்கு, நீலத்தை உணரும் கூம்பு செல்களே கிடையாது. கை தூரத்தில் 3 மி.மீ. முளை கண்ணில் பிடிக்கும் இடமோ கால் டிகிரி. நீலம் பூசிய முன்குறி, நீலத்துக்குக் குருடான அந்தப் புள்ளிக்குள்ளேயே அடங்கிவிடும்.

வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு வண்ணம் பாதித் துணைதான். 65 செ.மீ.யில் உள்ள முளையைத் தெளிவாகக் காண 1.5 டயாப்டர் குவிதிறன் வேண்டும். இருபது வயதுக் கண்ணிடம் அது 10 அளவுக்கு இருக்கும். அறுபதில் ஒன்றுக்குப் பக்கமாகச் சுருங்கிவிடும். வண்ணம் முளையைச் சட்டென்று கண்டுபிடித்துக் கொடுக்கும். அதன் விளிம்பைக் கூராக்காது. அதற்குக் கண்ணாடிதான் வழி.

விளிம்பே முக்கியம் என்பவர்கள் வண்ணத்தைத் தொடுவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வெண்கலம் வென்ற 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், இலக்கின் கறுப்பு வட்டம் 59.5 மி.மீ.; பத்துப் புள்ளிக்குரிய வட்டம் வெறும் 11.5 மி.மீ. இத்தகைய போட்டிகளில் சுடுபவர்கள் பெரும்பாலும் கறுப்பு வட்டத்துக்குக் கீழே உள்ள வெள்ளைப் பரப்பில்தான் முளையை நிறுத்துவார்கள். வெள்ளையின்மேல் கறுப்பைவிடத் துல்லியமான கோடு வேறில்லை. பக்கவாட்டு வெளிச்சத்தில் முளையின் ஒரு பக்கம் பளபளத்தால் விளிம்பு இடம் மாறியதுபோலத் தெரியும்; அதைத் தவிர்க்கக் கார்பைடு விளக்கின் புகையில் காட்டிக் கரியேற்றும் வழக்கமும் உண்டு.

பிரகாசமான பொருள் இருட்டுப் பின்னணியில் தன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். கோள்களைப் பற்றி எழுதும்போது கலிலியோ இதைப் பேசியிருக்கிறார். முளை முழுக்க வண்ணம் பூசினால் அதன் மேல்விளிம்பும் இப்படி வழிந்து தோன்றும். அதனால் சிலர் உச்சியில் ஒரு மெல்லிய கறுப்புக் கோட்டை விட்டுவைத்துக் கீழே மட்டும் பூசுகிறார்கள். அப்படிப் பூசியவர், பழக்கதோஷத்தில் கறுப்பு உச்சியை மறந்து, வண்ணத்தின் மேல்விளிம்பைப் பின்குறியின் மட்டத்துக்குக் கொண்டுவந்தால் குழல் அந்தக் கோட்டின் அளவுக்கு நிமிர்ந்துவிடும். கோடு அரை மில்லிமீட்டர் என்றால், 25 மீட்டரில் குண்டு அதே 8 சென்டிமீட்டர் மேலே போய் விழும்.